பஸ் ஸ்டாண்டில் கொட்டிய கறிப்பொடி

நாலு பேர் எதிரில் என்னை உட்கார வைத்துச் சிரிப்பதற்காகத்தான் என் மச்சான் வரச் சொல்லியிருந்தார். போவதற்கு முன்பே எனக்கு அது தெரியும். தெரிந்தும் போனேன். அவருக்கு சவுதி விசா வந்திருந்தது. நான் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்த அதே ரியாத்துக்குத்தான் அவரும் போகிறார். அந்த ஊரில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அண்ணனுக்கு எடுத்துச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று என் மனைவி நச்சரித்தாள். எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது எங்கள் பக்கத்திலிருந்து சவுதிக்குப் போனவர்கள் மிகக் குறைவு. கேட்டுத் தெரிந்துகொள்ள வேறு ஆள் கிடையாது.

என் மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். லாரி டிரைவர். வீடு ஏரியூர் பக்கம். எங்கள் வீடு நல்லம்பள்ளிப் பக்கம். இரண்டு குடும்பமும் கத்தோலிக்கர்கள்தான், இரண்டு குடும்பமும் காடு கழனி வைத்துப் பிழைத்தவர்கள்தான். ஆனாலும் பெண் பார்க்க வந்த நாளிலிருந்தே அவருக்கு என்னைப் பிடிக்காது. நான் அஞ்சாவதோடு நின்றவன். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை, அவரும் அவ்வளவு படித்தவர்தான். நான் பேசமாட்டேன் என்பதுதான் அவருக்குக் குறை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்குத் தொண்டை காய்ந்துவிடும். சொல்லவேண்டியதை வீட்டுக்கு வந்த பிறகு சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொள்வேன். 'இந்த ஊமைக்கா என் தங்கச்சி' என்று அவர் நிச்சயதார்த்தப் பந்தலில் கேட்டது எனக்குக் கேட்டது. கேட்கவேண்டும் என்றுதான் கேட்டார்.

நான் சவுதிக்குக் கிளம்பியபோது ஒரு மாதம் தாங்கமாட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். காண்ட்ராக்ட் முடியும்வரை இருந்துவிட்டு வந்தேன். அதுவும் அவருக்குப் பொறுக்கவில்லை. இந்த ஊமையே போய்விட்டு வந்தால் எனக்கென்ன என்று கிணற்றுக் காட்டை அடமானம் வைத்து, பம்பாய் ஏஜென்ட் மூலமாக டிரைவர் விசா வாங்கிவிட்டார். அந்தக் காடுதான் அவர்கள் வீட்டுக்குச் சோறு. அவர் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து சம்பாதித்தால் காடு திரும்பும். வழியில் ஏதாவது ஆனால் என் மாமியாரான அத்தைக்கும் மச்சானின் பெண்சாதி பிள்ளைகளுக்கும் ஒன்றும் மிஞ்சாது.

ரியாத்தில் எனக்கு ரோட்டு நடுவில் வைத்திருக்கும் மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. டேங்கர் லாரி முன்னால் போகும், நான் குழாயைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பேன். பகலெல்லாம் தெருவில் இருந்ததால் தெருவின் சட்டம் எனக்குத் தெரியும். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன். போன புதிதில் ஒரு கடையில் சட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாங்கு சொன்னார்கள். கடைக்காரர் என் கையிலிருந்த சட்டையைப் பிடுங்கி வைத்துவிட்டு என்னை வெளியே தள்ளி ஷட்டரை இழுத்தார். என் முகம் பிடிக்காமல் தள்ளுகிறார் என்று நினைத்து அறைக்கு வந்து அழுதேன். தொழுகை நேரத்தில் எல்லாக் கடையும் சாத்திவிடுவார்கள், நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் திரும்பத் திறப்பார்கள், தட்டக்கூடாது, கூப்பிடக்கூடாது என்று பக்கத்துக் கட்டிலில் இருந்த தெலுங்குக்காரர்தான் சொன்னார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மச்சான் வீட்டுக்குப் போனோம். முருங்கை மரத்தடியில் கட்டில் போட்டிருந்தது. அவருடைய லாரி சிநேகிதர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். உள்ளே கறி வெந்துகொண்டிருந்தது. மச்சான் கட்டிலைத் தட்டிக் காட்டினார்.

"உக்காருங்க மாப்ள. உங்க ஊரப் பத்தி சொல்லுங்க, கேக்கறோம்."

உங்க ஊர் என்றதும் சிநேகிதர்கள் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினேன். லுங்கி கட்டிக்கொண்டு தெருவில் போகக்கூடாது, அறைக்குள்ளே கட்டிக்கொள்ளலாம் என்றேன். மச்சான் மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இன்னும் ஒரு சாண் மேலே தூக்கிக்கொண்டார். அங்கே இருக்கிறவனெல்லாம் பாவாடை மாதிரி ஜிப்பா போட்டுக்கொண்டு திரிகிறான், என் லுங்கி மட்டும் ஆகாதாமா என்று சிநேகிதர்களிடம் கேட்டார். அவர்களுடையது கணுக்கால்வரை மூடியிருக்கும், நீங்கள் கட்டினால் தொடைவரை தெரியும் என்றேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஓட்டலில் இரண்டு வாசல் இருக்கும், ஒன்று குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு, அந்த வாசலில் தனி ஆம்பளை நுழையக்கூடாது என்றேன். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்குள் பார்க்கக்கூடாது என்றேன். பெண்கள் எதிரில் வந்தால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்கிப் போய்விட வேண்டும், வழி கேட்கவும் கூடாது என்றேன்.

"அதான் மாப்ளைக்கு அந்த ஊரு ஒத்துப்போச்சு. இவரு இங்கியே தலையத் தூக்கி யாரையும் பாத்ததில்ல," என்றார் மச்சான். உள்ளிருந்து அத்தை சிரிக்கும் சத்தம் கேட்டது.

நோன்பு மாதத்தில் பகலில் தெருவில் தண்ணீர் குடிக்கக்கூடாது, பீடி பிடிக்கக்கூடாது, லாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கூடப் பிடிக்கக்கூடாது என்றேன். அது அவர்கள் ஊர், அவர்கள் விரதம், தவக்காலத்தில் நாம் கறி சாப்பிடாமல் இருப்பதில்லையா என்று கேட்டேன். நான் சாப்பிடுகிறேனே என்றார் மச்சான். சாராயம் என்ற பேச்சே எடுக்கக்கூடாது என்றேன். அப்போது அவர் கையில் டம்ளர் இருந்தது. அரபி வீட்டுக்குப் போனால் சின்னக் கிண்ணத்தில் காபி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், போதும் என்றால் கிண்ணத்தை இப்படி ஆட்டித் திருப்பிக் கொடுக்கவேண்டும், வலது கையால்தான் வாங்கவேண்டும் என்று கையால் ஆட்டிக் காட்டினேன். மச்சான் காலி டம்ளரை என் மூக்குக்கு நேரே ஆட்டினார். எங்க ஊரில் இப்படி ஆட்டினால் இன்னும் ஊத்து என்று அர்த்தம் என்றார். சிநேகிதர் ஊற்றினார்.

கழுத்தில் போட்டிருக்கும் சிலுவைச் சங்கிலியைச் சட்டைக்கு உள்ளே போட்டுக்கொள்ளுங்கள், மாதா சுரூபம், ஜெபப் புத்தகம் எதுவும் பெட்டியில் வேண்டாம் என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். உயிரே போனாலும் என் சாமியை மறைக்கமாட்டேன் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் தவிர கோயில் பக்கம் தலைகாட்டாத மனுஷன். அன்றைக்குப் பூசைக்கு வந்ததே விசாவைச் சாமியார் கையில் கொடுத்து மந்திரிக்கத்தான். இதை அப்போது நான் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

முக்கியமானதை நான் கடைசியில்தான் சொல்வேன். எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில்தான் எனக்குத் தைரியம் வரும். அத்தை கறிச்சட்டியோடு வெளியே வந்து, மகனுக்குக் கொடுத்தனுப்பப் பொடி இடிக்கவேண்டும் என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பொடியைப் பற்றிச் சொல்லவேண்டும். மிளகாய், மல்லி, மிளகு, சோம்பு, பட்டை, கிராம்பு எல்லாம் வறுத்து, கடைசியில் ஒரு கை கசகசாவையும் வறுத்துப் போட்டு அத்தை உரலில் இடிப்பார். லாரிக்காரர்கள் போகிற வழியில் ரோட்டோரம் ஸ்டவ் வைத்துச் சமைத்துச் சாப்பிடுவார்கள். மச்சான் எந்த ஊருக்கு லோடு ஏற்றினாலும் பால்பவுடர் டப்பாவில் அந்தப் பொடி போகும். ஓட்டலில் சாப்பிட்டால் வயிறு கெட்டுவிடும், அம்மா பொடி இருந்தால் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்வேன் என்பார்.

"அத்தை, பொடியில கசகசா போடாதீங்க," என்றேன்.

எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

நான் அந்தத் தெலுங்குக்காரரைப் பற்றிச் சொன்னேன். லீவு முடிந்து அவர் திரும்பி வருகிற நாளில் கம்பெனி வேனில் நானும் சாமான் தூக்க ஏர்போர்ட்டுக்குப் போனேன். அந்த விமானத்தில் வந்தவர்கள் ஒவ்வொருவராக வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர் வரவில்லை. கூட்டமெல்லாம் போய், தரை துடைக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். வேன் டிரைவர் ஒரு போலீஸ்காரரிடம் கேட்டார். அவர் போங்கள் என்று கையைக் காட்டினார். மறுநாள் கேம்ப் சூப்பர்வைசர்தான் விஷயம் சொன்னார். பெட்டியில் ஒரு பொட்டலம் கசகசா இருந்திருக்கிறது. அது அபின் செடியின் விதை, இந்த நாட்டில் அதை அபினாகத்தான் பார்ப்பார்கள், ஊரிலிருந்து வருகிறவன் எவனும் கொண்டுவராதீர்கள் என்று எல்லா அறைக்கும் வந்து சொல்லிவிட்டுப் போனார். தெலுங்குக்காரருடைய மெத்தையை யாரோ சுருட்டி வைத்தார்கள். நான் ஊருக்குக் கிளம்புகிறவரை அந்தக் கட்டில் காலியாகத்தான் இருந்தது. அவர் வெளியே வந்தாரா, இல்லையா, தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள எங்களுக்கு யாரையும் தெரியாது.

இதை நான் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. நாலு வார்த்தையில் சொன்னேன்.

"கசகசாவுக்கு ஜெயிலா," என்றார் மச்சான். "பம்பாய், நாக்பூர், கல்கத்தா எல்லாம் போயிருக்கறேன் மாப்ள. எங்கம்மா பொடிய எந்த செக்போஸ்ட்லயும் நிறுத்துனதில்ல."

அவருக்கு உலகம் முழுக்க செக்போஸ்ட்தான். இறங்கிப் போய் சிரித்துப் பேசிக் கையில் ஏதாவது வைத்தால் குறுக்குக் கட்டை மேலே போய்விடும். ஏர்போர்ட்டையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அதோடு விடாமல் இன்னும் ஒன்று சொன்னார். இவர் அங்கே மரத்துக்குத் தண்ணீர் ஊத்தப் போனவர், நான் ஸ்டியரிங் பிடிக்கப் போகிறேன், அந்த வயிற்றெரிச்சலில் என் நாக்கில் மண்ணைப் போடப் பார்க்கிறார் என்றார். சிநேகிதர்கள் என்னைப் பார்த்த பார்வையில் அதை நம்பிவிட்டார்கள் என்று தெரிந்தது. அத்தை மட்டும், சரிங்க மாப்பிள்ளை, போடல என்றார். சாப்பாடு நன்றாக இருந்தது. நான் பாதியில் கை கழுவிக்கொண்டேன்.

மச்சான் கிளம்புகிற வாரத்தில் என் மனைவி ஒத்தாசைக்குப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் கிளம்பிய அன்றைக்கு நான் நேராகத் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றேன். பெங்களூர் போய் அங்கிருந்து பம்பாய் ரயில். பென்னாகரம் வழியாக வந்த பஸ்ஸிலிருந்து மச்சான் வீட்டாரும் அவர் சிநேகிதர்களும் இறங்கினார்கள். மச்சானுக்குப் புது பேண்ட், புது செருப்பு. அவர் பெண்சாதி பையனைத் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டே வந்தாள். என் மனைவி மட்டும் முதலில் வேகமாக என்னிடம் வந்தாள்.

"நேத்து மறுபடியும் இடிக்க வெச்சிடுச்சுங்க அண்ணன். கசகசா போடாத பொடி மண்ணு மாதிரி இருக்குதாம்."

அத்தையிடம் போய், போட்டீங்களா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் மகனைப் பார்த்தார். அது போதுமாக இருந்தது.

மச்சானிடம் போனேன். அந்த டப்பாவை மட்டும் வைத்துவிட்டுப் போங்கள் என்று மெதுவாகச் சொன்னேன். பஸ் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். கிளம்புகிற நேரத்தில் சகுனத் தடையா என்று சிரித்துவிட்டு, சிநேகிதர்களோடு டீக் கடைப் பக்கம் போய்விட்டார். ரெக்ஸின் பெட்டி அத்தை காலடியில் இருந்தது.

அடுத்தவர் பெட்டியில் நான் அதுவரை கை வைத்ததில்லை. ஜிப்பைத் திறந்தேன். டப்பா நடுவில், ஒரு லுங்கியில் சுருட்டி இருந்தது. எடுத்துக்கொண்டு டீக் கடைக்குப் பக்கத்தில் ஓடும் சாக்கடைக்குப் போய், மூடியைத் திறந்து கவிழ்த்தேன். வறுத்த மிளகாய் நெடி கிளம்பி, அங்கே நின்றவர்களெல்லாம் தும்மினார்கள். டீக் கடைக்காரர் என்னை என்னென்னவோ கேட்டுத் திட்டினார். அத்தை புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு சாக்கடையையே பார்த்தார். பிறகு, "மாப்ள," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மச்சான் வந்து என் சட்டையைப் பிடித்தார். முதல் தடவையாக வாங்க போங்க போய்விட்டது.

"எங்கம்மா கை நோவ இடிச்சத சாக்கடையில கொட்டறயாடா. உனக்கு அவ்ளோ எரியுதா?"

அன்றைக்கு மட்டும் எனக்குத் தொண்டை காயவில்லை.

"நீங்க அங்க வெளிய வரலைன்னா யாரும் தேட மாட்டாங்க மச்சான். நான் பாத்திருக்கறேன்."

"நான் வெளிய வருவன்டா. வந்து உன்னக் கேக்கறேன். இனிமே எங்க வூட்டு வாசப்படி மிதிக்காத."

காலி டப்பாவை என் மேல் வீசினார். அது நெஞ்சில் பட்டுக் கீழே உருண்டது. கண்டக்டர் விசில் ஊதினார். மச்சான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். ஜன்னலிலிருந்து எல்லோருக்கும் கை காட்டினார். என் மனைவி நான் நின்ற பக்கம் நின்றிருந்ததால் அவளுக்கும் காட்டவில்லை. பஸ் போன பிறகு அத்தை பென்னாகரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் மச்சான் கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார். அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வோம். தெருவே கூடி டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டது. என் மனைவியும் போயிருந்தாள். ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்தே பார்க்கவில்லை, சாக்பீஸால் ஒரு கோடு போட்டு அனுப்பிவிட்டார்கள் என்று பேசியிருந்தார். அம்மா, உன் பொடி இருந்திருந்தால் இங்கே இந்தச் சப்பைச் சோற்றைத் தின்னவேண்டியதில்லை என்று அதற்குப் பிறகு பேசியிருந்தார். அந்த இடத்தை அத்தை திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டாராம். அன்றிலிருந்து எனக்கு அந்தத் தெருவில் பொடி கொட்டி மாப்ள என்று பெயர்.

அவர் சொன்னதை நான் நம்புகிறேன். சில பெட்டியைத் திறப்பார்கள், சிலதைத் திறக்கமாட்டார்கள். எதைத் திறப்பார்கள் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? தெலுங்குக்காரருக்கு முன்னால் வந்தவர்களுக்கும் சாக்பீஸ் கோடுதான் போட்டிருப்பார்கள். இதை என் மனைவியிடம் சொன்னேன். சொல்லவேண்டிய இடத்தில் போய்ச் சொல்லுங்கள் என்றாள். அந்த வாசப்படியைத்தான் மிதிக்கக்கூடாதே.

மச்சான் திரும்பி வருவதற்குள் அத்தை நெஞ்சுவலியில் போய்விட்டார். மச்சானுக்கு முதலாளி லீவு கொடுக்கவில்லை. மண் போட வரமுடியவில்லை. நான் போனேன். மருமகன் என்ற முறையில் சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்கப் போனபோது மச்சானின் பங்காளி ஒருவர் குறுக்கே வந்து, நீங்க பின்னால வாங்க என்றார். பின்னால் நடந்தேன். கல்லறையில் மண் போடும்போது எல்லோரும் போட்ட பிறகு போட்டேன். அத்தைக்கும் எனக்கும் சண்டை ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு வார்த்தை, மகனுக்கு ஒரு கைப்பிடி கசகசா என்று இரண்டு பக்கமும் பார்த்தவர்.

காண்ட்ராக்ட் முடிந்து மச்சான் வந்தார். காட்டைத் திருப்பினார். கோயில் திருவிழாவில் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் எனக்குக் கேட்கிற தூரத்தில் நின்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எனக்காக எங்கம்மா கடைசியாக இடித்தது சாக்கடைக்குப் போனது, அதற்குப் பிறகு நான் அவள் கையால் ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். அது உண்மைதான். அதற்கு நான் தலை குனிவேன் என்று எதிர்பார்க்கிறார். நான் எப்போதும் தலை குனிந்துதான் நடக்கிறேன். ஆனால் அதற்காக அல்ல. இன்னொரு தடவை அந்த டப்பா என் கையில் வந்தாலும் கொட்டுவேன்.

அடுத்த வருடம் அவர் மறுபடியும் கிளம்பினார். அதே ரியாத், அதே வேலை. கிளம்புகிற அன்று காலையில் எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றார். பெட்டி கையில் இருந்தது. என் மனைவி ஓடிப்போய், உள்ள வாண்ணா என்றாள். அவர் வரவில்லை. துணி துவைக்கும் கல்லின் மேல் பெட்டியை வைத்து ஜிப்பைத் திறந்தார்.

"பாருங்க. இல்லன்னா பஸ் ஸ்டாண்டுல வந்து கொட்டுவீங்க."

அங்கே இரண்டு வருடத்தில் அவர் எதைப் பார்த்தாரோ, யார் வெளியே வராமல் போனதைப் பார்த்தாரோ, எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. மேலே இருந்த பேண்ட் சட்டைகளை எடுத்து வைத்தேன். லுங்கி ஒன்றுதான் இருந்தது. பால்பவுடர் டப்பா இருந்தது. அவர் பெண்சாதி இடித்த பொடி. ஒரு வெள்ளைத் தாளில் கொஞ்சம் கொட்டிப் பரப்பி இடிபடாத விதை தெரிகிறதா என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார்.

"இருக்குதா?"

"இல்ல."

தாளிலிருந்த பொடியைத் திரும்ப டப்பாவில் போட்டு, மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். அவர் ஜிப்பை இழுத்தார். தங்கை நீட்டிய சொம்பை வாங்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனார். பஸ் வர நேரமாயிற்று. அதுவரை அவர் எனக்கு முதுகைக் காட்டியே நின்றார். நானும் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றேன். நாங்கள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.